வச்சிரம் ஒட்டிய சிப்பி

போன மாதம் என்னைக் கூப்பிட்டு உங்கள் ஆய்வகத்தைச் சுற்றிக் காட்டினீர்கள். காபியும் நன்றாகவே இருந்தது. கையுறைகள் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்ததைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமை வந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். கிளம்பும்போது, "புதுசா வர்றவங்களுக்கு உதவுற மாதிரி உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்க மேடம்" என்றீர்கள். கருவிகளைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. கலவையைத் தாளில் புள்ளி புள்ளியாகப் பிரித்துக் காட்டும் எங்கள் முதல் குரோமட்டோகிராம் ஓடியது ஓர் ஊறுகாய் ஜாடியில். கழுவிக் கழுவிப் பார்த்தும் கடுகு வாசனை போகவில்லை.

அதனால் நான் செய்த இரண்டு தவறுகளை எழுதுகிறேன். ஒன்று சிரிப்பதற்கு. மற்றதை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

தொழிலுக்குப் புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. சிப்பி என்பது வெறும் சுண்ணாம்பு அல்ல. உள்ளே இருக்கும் உயிர் தன் ஓட்டைக் கட்டும்போது, கொத்தனார் சாந்து வைப்பதுபோல அடுக்குக்கு அடுக்கு கொஞ்சம் புரதத்தை வைத்துக் கட்டுகிறது. அந்த உயிர் செத்து, கடல் விலகி, எல்லாம் மண் மூடிக் கல்லாகிப் போன பிறகும் அந்தப் புரதத்தின் சிதறல்களான அமினோ அமிலங்கள் உள்ளே அகப்பட்டுக் கிடக்கும். ஒவ்வொரு குடும்பத்துச் சிப்பிக்கும் சாந்தின் கலவை வேறு. வடிவம் தேய்ந்துபோய், எந்த வகை என்று கண்ணுக்குத் தெரியாத சிப்பிக்கு, கலவையை வைத்துச் சொந்தம் சொல்ல முடியுமா? அறுபதுகளின் தொடக்கத்தில் சேலத்தில் ஒரு கல்லூரியின் சின்ன ஆய்வகத்தில் எங்களைப் பிடித்த பைத்தியம் அதுதான். எங்கள் துறைத் தலைவர் ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் அதைப் படித்துவிட்டு வந்து எங்களுக்கும் தொற்ற வைத்தார்.

நான் வேதியியலில் செய்முறை வகுப்பு எடுக்கும் டெமான்ஸ்ட்ரேட்டர். சேலம் டவுனில் கத்தோலிக்க வேதக்காரக் குடும்பம்; அப்பா ரயில்வேயில் இருந்தார். செசிலி என்பது என் பெயர் என்றாலும் எல்லோருக்கும் நான் டீச்சர்தான். சிப்பிகளைத் தேடிக் கொண்டுவந்து தருவது நாச்சிமுத்துவின் வேலை. நிலவியல் படித்தவர், ஜேடர்பாளையத்துக்காரர், தற்காலிகப் பணி. ஆத்தூரைத் தாண்டிக் கிழக்கே சுண்ணாம்புக்கல் பூமியில் பத்து நாள் வெயிலில் அலைந்துவிட்டு, சாக்குமூட்டையோடு பஸ் ஏறி வருவார். வாழப்பாடியில் பஸ் நின்றால், மூட்டையின் மேல் யாரும் உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்காக டீ குடிக்கக்கூட இறங்க மாட்டாராம். எந்தச் சிப்பியைப் பார்த்தாலும் முதலில் "முத்துச் சிப்பியா இருக்குமுங்க" என்பார்.

"பேர்லயே முத்து இருக்கு. உங்களுக்கு எல்லாம் முத்தாத்தான் தெரியும்" என்பேன்.

"இருந்துட்டுப் போகட்டுமுங்க டீச்சர். ஒருநாளைக்கு இல்லாட்டி ஒருநாளைக்குச் சரியாப் போயிருமுங்க" என்பார்.

இனி முதல் தவறு. ஒரு சிப்பியைப் பொடித்து, அமிலத்தில் கரைத்து, பிரித்து, தாளில் ஓட்டி முடிக்க ஒரு வாரம் ஆனது. நின்ஹைட்ரின் தெளித்துச் சூடு காட்டினால் அமினோ அமிலங்கள் ஊதாப் புள்ளிகளாக எழும்பும். எழும்பின. ஆனால் அவற்றில் செரின் என்பது அளவுக்கு மீறி இருந்தது. செரின் சீக்கிரம் சிதைந்துபோகிற சரக்கு. அத்தனை பழைய சிப்பியில் அத்தனை செரின் இருக்க நியாயமே இல்லை. உலகத்திலேயே யாரும் காணாததைக் கண்டுவிட்டதாக நான் அரை மணி நேரம் தரையில் நிற்கவில்லை. அதன் பிறகுதான் தாளின் ஓரத்தைப் பார்த்தேன். ஊதா நிறத்தில், கோடு கோடாக, அழகான ஒரு கட்டைவிரல் ரேகை. மனிதர் வியர்வையில் செரின் ஏராளம்.

"இது யார் கை?"

நாச்சிமுத்து தாளைப் பார்த்தார், தம் கட்டைவிரலைப் பார்த்தார். "நம்ம கைதானுங்க. சன்னல் காத்துல தாளு பறந்துச்சு, புடிச்சேனுங்க."

"பறந்தா பறக்கட்டும்னு விட வேண்டியதுதானே?"

"ஒரு வாரமா நீங்க பாடுபட்டதுங்களே" என்றார்.

அன்றிலிருந்து இடுக்கி இல்லாமல் யாரும் தாளைத் தொடக் கூடாது என்று சட்டம் போட்டேன். எதிர்பாராத புள்ளி ஒன்று வந்தால் முதலில் உங்கள் கையைப் பாருங்கள், பிறகு பக்கத்தில் இருப்பவர் கையைப் பாருங்கள், கடைசியாகத்தான் நோபல் பரிசைப் பற்றி யோசியுங்கள். அந்தப் பாழாய்ப்போன தாளை மட்டும் நான் கிழித்துப் போடவில்லை. நாலாக மடித்து என் செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன். அவரை எனக்குப் பிடித்திருந்தது. இந்த ஒரு வரியை எழுத எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

அதைப் பற்றி ஒரு வார்த்தை நாங்கள் பேசிக்கொண்டதில்லை. அவர் கவுண்டர் வீட்டுப் பிள்ளை, நான் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவள். பேசி என்ன ஆகப் போகிறது என்று நானே முடிவு கட்டியிருந்தேன். ஆனாலும் அவர் பஸ் வருகிற நாளில் எனக்குச் சோறு இறங்காது.

ஒரு ஆனி மாதக் கடைசியில் அவருக்கு ஒரு சிப்பி கிடைத்தது. கையகலம். உள்பக்கம் முத்தின் பளபளப்பு இன்னும் மங்கவில்லை. ஆனால் இரண்டு ஓடுகளையும் இணைக்கும் கீல் பகுதி முழுக்கத் தேய்ந்துபோயிருந்தது. கீலில் இருக்கும் பற்களை வைத்துத்தான் சிப்பிக்கு வகை சொல்வார்கள். அது இல்லாததால், முத்துச் சிப்பியின் உறவா, பாறையில் ஒட்டி வளரும் ஆளியின் உறவா என்று வடிவத்தை வைத்து யாரும் சொல்ல முடியாது. எங்கள் வேதியியல்தான் சொல்ல வேண்டும். அதைப்போல் இரண்டாவது ஒன்று கிடைக்கவில்லை. அதைப் பற்றிய அறிக்கை சென்னைக்குப் போக வேண்டும். அது சரியாக அமைந்தால் நாச்சிமுத்துவின் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லித் தலைவர் எழுதுவதாகவும் இருந்தார். இவ்வளவும் அந்த ஒரு சிப்பியின் மேல் நின்றது.

ஆடிப் பதினெட்டுக்கு ஊருக்குப் போனவர் சிப்பியையும் கூடவே கொண்டுபோய், அங்கிருந்துதான் சேலம் வந்தார். பஞ்சில் சுற்றி, வேட்டித் துண்டில் கட்டி, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். கூடவே மாதிரிச் சீட்டு. எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது, நொறுங்காமல் இருக்க ஏதாவது பூசினீர்களா என்று அதில் கேள்விகள் இருக்கும். பூச்சு, ஒட்டு எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். கொடுத்துவிட்டு மறுபடி ஆத்தூர்ப் பக்கம் கிளம்பிப் போனார்.

பாதிச் சிப்பியை எடுத்து வேலையைத் தொடங்கினேன். தாளில் நின்ஹைட்ரின் தெளித்த திங்கட்கிழமை, ஊதாப் புள்ளிகளுக்கு நடுவில் பளிச்சென்று ஒரு மஞ்சள் புள்ளி வந்தது. ஹைட்ராக்சிபுரோலின். மிருகங்களின் தோலிலும் எலும்பிலும் நிறைய இருப்பது. சிப்பியில் அதற்கு வேலையே இல்லை. இந்த முறை முதலில் என் கையைப் பார்த்தேன். இடுக்கி, ஜாடி, அமிலம் எல்லாவற்றையும் சோதித்தேன். எல்லாம் சுத்தம். மிச்சமிருந்த பாதியை லென்ஸ் வைத்துப் பார்த்தபோது, முடி கனத்தில் ஒரு கோடு தெரிந்தது. யாரோ ஒட்டி, மேலே மண்ணைக் குழைத்துத் தடவி மறைத்திருந்தார்கள். செவ்வாய்ப்பேட்டையில் ஓர் ஆசாரியிடம் மரம் ஒட்டும் வச்சிரம் ஒரு துண்டு வாங்கிவந்து அதையும் அதே முறையில் ஓட்டினேன். தோலைக் காய்ச்சி எடுப்பதுதானே வச்சிரம். அதே மஞ்சள், அதே உயரத்தில் வந்து நின்றது.

வெள்ளிக்கிழமை. மறுநாள் அறிக்கை போக வேண்டும். நாச்சிமுத்து திங்கட்கிழமைதான் வருவார். இரண்டு நாள் பொறுங்கள் என்று கேட்டிருந்தால் தலைவர் பொறுத்திருப்பார். நான் கேட்கவில்லை. சீட்டில் அவர் கையெழுத்து என் கண்ணெதிரே இருந்தது. என்னிடம் பொய் சொல்லிவிட்டாரே என்று எனக்குக் கண் மண் தெரியாத கோபம். மாதிரியில் விலங்குப் பசை கலந்திருக்கிறது என்று எழுதினேன். அது உண்மை. அதோடு பேனாவை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. மாதிரியைச் சேகரித்தவரின் குறிப்புகளை நம்புவதற்கில்லை என்று இன்னொரு வரி எழுதினேன். முதல் வரியை எழுதியது வேதியியல். இரண்டாவதை எழுதியது கோபம். இரண்டின் கீழும் ஒரே கையெழுத்தைப் போட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை தலைவர் அவரை உள்ளே கூப்பிட்டார். நான் பக்கத்து அறையில் இருந்தேன். தடுப்பு மரப்பலகைதான், எல்லாம் கேட்கும்.

"ஒட்டினது யாரு?"

"தெரியலீங்க சார். ரெண்டு நாள் லீவு குடுங்க. விசாரிச்சுட்டு வாரேன்."

புதன்கிழமை திரும்பி வந்தார்.

"எங்க ஊட்டுல ஒட்டுனதுதானுங்க சார்."

"எதுக்கு ஒட்டினீங்க?"

"அதை மட்டும் கேக்காதீங்க சார்" என்றார்.

தலைவர் நல்ல மனிதர்தான். ஆனால் காரணம் சொல்லாத ஆளுக்காக அவரால் என்ன வாதாட முடியும்? அந்த மாதத்தோடு நாச்சிமுத்துவின் வேலை முடிந்தது. கடைசி நாள் என் மேசைக்கு வந்து, தன்னிடமிருந்த இடுக்கியை வைத்தார்.

"நீங்க எழுதுனது சரிதானுங்க டீச்சர். சீட்டுல இருந்தது தப்புதான்."

இடுக்கியை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தேன்.

"என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க."

"எங்க போறீங்க?" என்று மட்டும்தான் எனக்குக் கேட்க வந்தது.

"வடக்க ஒரு சுரங்கத்துல ஆள் கேக்கறாங்களாம்." படியில் இறங்கப் போனவர் திரும்பி, "வாரேனுங்க" என்றார்.

நம் ஊரில் போகிறவர்தான் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த வார்த்தையை நம்பி நான் எத்தனை நாள் வாசலைப் பார்த்திருக்கிறேன் என்று உங்களுக்குச் சொன்னால் சிரிப்பீர்கள்.

அதற்குப் பிறகு, மிச்சமிருந்த துண்டில் ஒட்டுக்கு எட்டாத உள்பகுதியை மட்டும் சுரண்டி எடுத்து, மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். மஞ்சள் இல்லை. கடலோரத்திலிருந்து வரவழைத்த இன்றைய சிப்பிகளின் தாள்களோடு வைத்துப் பார்த்தபோது, கலவை ஆளிப் பக்கம் சாயவில்லை. முத்துச் சிப்பிப் பக்கம்தான் சாய்ந்தது. அடித்துச் சொல்லும் அளவுக்கு எங்கள் முறை வளரவில்லை. சாய்கிறது என்றுதான் எழுதினேன். ஆனால் எனக்குத் தெரியும். அவர் சொன்னதுபோலவே ஒருநாள் சரியாகப் போயிருந்தது. சொல்லலாம் என்றால் ஆள் இல்லை, முகவரியும் இல்லை. சிப்பியும் இல்லை. எல்லாம் அமிலத்தில் கரைந்து போயிருந்தது. ஒரு பொருளை அறிய வேண்டுமானால் அதை அழித்துத்தான் ஆக வேண்டும் என்பது நம் தொழிலின் சாபம். உங்கள் காலத்தில் ஒரு சிட்டிகைப் பொடி போதும் என்கிறீர்கள். கொடுத்து வைத்தவர்கள்.

பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்தில் இதைக் கோயில் சுவாமியாரிடம் சொன்னேன். "பொய் எழுதினியாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பொறாமையில எழுதினியா?" இல்லை என்றேன். அவருக்குப் பாவம் அகப்படவில்லை. மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார்.

ஐந்தாறு வருடம் போயிற்று. மாணவிகளை அழைத்துக்கொண்டு ஜேடர்பாளையம் அணைக்கட்டைப் பார்க்கப் போனோம். பிள்ளைகள் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டிருந்தபோது, கூட வந்த ஆசிரியையிடம் அவர்களை ஒப்படைத்துவிட்டு, விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று எனக்கே தெரியாது. வீட்டில் அவர் அம்மா மட்டும் இருந்தார். வெள்ளைச் சேலை, வெறும் கழுத்து. நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். சேலத்திலிருந்து வருகிறேன், உங்கள் மகனோடு வேலை பார்த்தவள் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதான் அந்த டீச்சரம்மாங்களா? ஊட்டுக்குள்ள வாங்க சாமி. உக்காருங்க."

மோர் கொடுத்தார். மகன் வடக்கே நல்லபடியாக இருப்பதாகவும், மூன்று வருடத்துக்கு முன் கல்யாணம் ஆனதாகவும், ஒரு பெண் குழந்தை இருப்பதாகவும் சொன்னார். நான் மோரைக் குடித்தேன்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுமுங்க சாமி" என்றார். "ஆடி நோம்பிக்கு வந்தப்ப ஒரு சிப்பி கொண்டாந்தானுங்க. இது டீச்சருக்கு, இது டீச்சருக்குன்னு அதையே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான். ஒரு சிப்பிக்கா மொகம் அப்படிப் பூக்குமுங்க? பெத்தவளுக்குத் தெரியாதுங்களா? வேதக்காரப் பொண்ணாச்சேன்னு மொதல்ல எனக்கு மனசு ஒப்பலீங்க. அப்பறம் அவன் மொகத்தப் பாத்தேன். சரி, ஆடி போயி ஆவணி பொறக்கட்டும், நாமளே போயிப் பொண்ணு கேக்கலாம்னு நெனச்சுக்கிட்டேன்."

என் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அவன் ஆத்துக்குப் போயிருந்தப்ப, தொடச்சு வெக்கலாம்னு எடுத்தேனுங்க. கை நழுவி ரெண்டாப் போயிருச்சு. மொத மொதல்ல ஒரு பொண்ணுக்குக் குடுக்கற பொருளு. அதை மூளியாக் குடுக்கலாமுங்களா? நான்தான் இப்படி மூளியா நிக்கறேன். வர்றவ கையிலயும் மூளியவா குடுக்கறதுன்னு, ஆசாரி ஊட்டுல வச்சிரம் வாங்கியாந்து நானே ஒட்டி, மண்ணு தடவி, அவனுக்கே தெரியாம பஞ்சுல வெச்சுப்போட்டேன். அப்பறம் அவன் ஒருநாள் வேகுவேகுன்னு வந்து கேட்டப்பத்தான் சொன்னேன். என் கையைப் புடிச்சுக்கிட்டுச் சித்தநேரம் உக்காந்திருந்தான். இத யாருகிட்டயும் சொல்லாத ஆத்தா, டீச்சரு பேரு கெட்டுப்போயிரும்னான். ஆவணி வந்தப்ப, பொண்ணு கேக்கலாமாடான்னேன். வேண்டாமுன்னுட்டான்."

வேலை போனது அந்த ஒட்டினால்தான் என்று நாச்சிமுத்து தம் அம்மாவிடம் சொல்லவில்லை. எதற்கு ஒட்டினார்கள் என்று தலைவரிடம் சொல்லவில்லை. ஆம்பிளைகள் நிறைந்த அந்த ஆய்வகத்தில் என் பெயர் அடிபடக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு போய்விட்டார். நான் தாளில் கண்ட மஞ்சள், அந்த வீட்டிலிருந்து எனக்கு வந்த மஞ்சள். அதை அழுக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் நான்.

நீங்களும் ஒருநாள் உங்கள் தாளில் ஒரு கலப்பைக் காண்பீர்கள். அதை மறைக்காதீர்கள். கட்டாயம் எழுதுங்கள். ஆனால் அந்தப் பொருள் யார் யார் கை வழியாக வந்தது என்று, அந்த ஆள் பஸ்ஸில் இருந்தாலும் வயற்காட்டில் இருந்தாலும் போய்க் கேட்டுவிட்டு எழுதுங்கள். ஒட்டு போட்டவர்கள் எல்லோரும் ஏமாற்றுவதற்காகப் போடுவதில்லை. செபப் புத்தகத்தில் வைத்த தாளில் இப்போது ஒன்றும் தெரியாது. நின்ஹைட்ரின் ஊதா காலத்தில் வெளுத்துவிடும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ரேகை எந்த மூலையில் இருந்தது என்று எனக்கு மட்டும் தெரியும்.

அன்றைக்கு நான் கிளம்ப எழுந்தபோது, அந்த அம்மா ஒரு பை நிறைய நிலக்கடலை கட்டிக் கொடுத்தார். வாசல்வரை வந்தார்.

"அந்தச் சிப்பிக்கு என்னமோ சொந்தம் பாக்கோணும்னு சொல்லிக்கிட்டிருந்தானுங்க. பாத்தீங்களா சாமி?"

"பாத்தோமுங்கம்மா. அவர் சொன்னதுதான் சரி. முத்துச் சிப்பிச் சொந்தம்தான். அடுத்த கடுதாசியில எழுதச் சொல்லுங்க."

அவர் முகம் மலர்ந்தது. பிறகு, பல வருடமாக உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்பதுபோல், குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"நான் போட்ட ஒட்டு நின்னுச்சுங்களா?"

கொதிக்கும் அமிலத்தில் ஒரு நாள் முழுக்கக் கிடந்தும் அந்த வச்சிரம் மஞ்சள் புள்ளியாகத் தன்னைக் காட்டிக்கொண்டது. சிப்பி போய்விட்டது, அவர் போய்விட்டார், அது மட்டும்தான் நின்றது.

"நின்னுச்சுங்கம்மா" என்றேன்.